புது போனில் பழுதா? நீலகிரியில் இருப்பவர்களுக்கு, டப்பா பிரிப்பதிலிருந்து புகார் வரை முழு வழிகாட்டி

இங்கே குன்னூரில் தெரிந்தவர்கள் புது போன் வாங்கினால் சோதித்துப் பார்க்கவும், பழுதானால் சர்வீஸ் சென்டர் போகவும் கூடவே நின்றிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். போன் வந்த அன்றைக்கே டெம்பர் கிளாஸ் ஒட்டி, பவுச் போட்டு, எல்லா ஆப்பையும் ஏற்றிவிடுகிறார்கள். பத்து நாள் கழித்துக் கோளாறு கண்ணில் படும்போது ரிட்டர்ன் நாள் முடிந்திருக்கும். அப்புறம் மலை இறங்கி சர்வீஸ் சென்டருக்குப் போனால், குளிரில் கோளாறு காட்டிய போன் அங்கே உள்ள வெயிலில் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. காசு கொடுக்கும் முன்

நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பின்கோடு போட்டு, பக்கத்தில் எங்கே சர்வீஸ் சென்டர் என்று பாருங்கள். காட்டுகிற இடத்துக்கு ஒரு போன் போட்டு, அங்கேயே பழுது பார்க்கிறார்களா, வாங்கிக் கோவைக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். அனுப்புகிற இடம் என்றால் ஒவ்வொரு தடவையும் போன் கையில் இல்லாமல் நாட்கள் போகும்.

ஆன்லைனில் வாங்கினால் ரிட்டர்ன் விதியை முழுதாகப் படியுங்கள். "7 நாள் ரீபிளேஸ்மென்ட்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், உள்ளே போனால் "சர்வீஸ் சென்டர் சான்று கொடுத்தால் மட்டும்" என்று இருக்கும். கடையில் வாங்கினாலும் இதே கதைதான், பெரும்பாலான கடைக்காரர்கள் அவர்களாக மாற்றிக் கொடுப்பதில்லை. வந்தபோதே பழுது என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுக்கும் சான்றைத்தான் கேட்பார்கள். அந்தச் சான்று எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

அடுத்தது பேண்ட், அதாவது போன் எந்தெந்த அலைவரிசையில் டவர் எடுக்கும் என்பது. மலையில் குறைந்த அலைவரிசைதான் பள்ளத்துக்குள்ளும் மரங்களைத் தாண்டியும் ஓரளவு வரும். ஏர்டெல், வி வைத்திருப்பவர்கள் 900 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 8 இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோவுக்கு 850, பேண்ட் 5. அதன் 5ஜிக்கு 700, என்28. பிஎஸ்என்எல் 4ஜிக்கும் 700 மெகாஹெர்ட்ஸ் முக்கியம், பேண்ட் 28 என்று போட்டிருக்க வேண்டும். அந்த பேண்ட் இல்லாத போனை வாங்கிவிட்டு டவர் எடுக்கவில்லை என்று சொன்னால் அது பழுதில் சேராது, யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

நேரத்தையும் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் ஏழு நாள் என்பது நான்கு நாளாகச் சுருங்கிவிடும். அவசரமில்லை என்றால் அந்த மாதங்களில் புது போன் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

2. டப்பா பிரிக்கும்போது

பிரிப்பதை இன்னொரு போனில் ஒரே ஷாட்டாக வீடியோ எடுங்கள். பார்சலின் மேல் லேபிள், டேப், டப்பாவின் சீல், உள்ளே போன், பிறகு போனின் நான்கு பக்கமும், இதே வரிசையில் வரட்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேள்வி வரும். உடைந்தோ கீறலோடோ வந்தால் உங்கள் பக்கம் பேச இந்த வீடியோ ஒன்றுதான் இருக்கும்.

போனை ஆன் செய்து *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், அதுதான் போனின் அடையாள எண், இரண்டு சிம் என்றால் இரண்டு எண். இது டப்பாவிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பில்லில் ஐஎம்இஐ இல்லை என்றால் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த பில் இந்த போனுக்குத்தான் என்று நிரூபிக்க முடியாது.

அப்புறம் KYM என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலில் வரும் பிராண்டும் மாடலும் கையில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம்.

3. அப்டேட் செய்யுங்கள், வேறு எதையும் ஏற்றாதீர்கள்

வைஃபையில் போட்டு, இருக்கிற சிஸ்டம் அப்டேட் எல்லாவற்றையும் முடியுங்கள். சர்வீஸ் சென்டரில் எந்தக் குறை சொன்னாலும் முதல் கேள்வி "அப்டேட் பண்ணீங்களா?" என்பதுதான். அந்தக் கேள்வியை இப்போதே முடித்துவிடுங்கள்.

பழைய போனிலிருந்து டேட்டாவை மாற்ற வேண்டாம். பேங்க் ஆப்பும் வாட்ஸ்அப்பும் பழைய போனிலேயே இருக்கட்டும். எல்லாம் புதியதுக்கு வந்துவிட்டால் அதைக் கொடுத்துவிட்டு வர மனசு வராது, சின்னக் குறைதானே என்று விட்டுவிடுவீர்கள். இப்படி விட்டவர்கள்தான் ஆறு மாதம் கழித்து வருத்தப்படுகிறார்கள்.

டெம்பர் கிளாஸும் இப்போது வேண்டாம். அது டிஸ்ப்ளே ஓரத்து இடைவெளியை மறைத்துவிடும், டச் சரியில்லை என்றால் கிளாஸ் மேல் பழி போகும். குறிப்பாகப் பசை ஊற்றி, நீல லைட் காட்டி ஒட்டும் வகையை வைக்கவே வேண்டாம். அந்தப் பசை ஸ்பீக்கர் துளைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் இறங்கிவிட்டால் வாரண்டி கேட்பதே சிரமமாகிவிடும்.

4. உடம்பைப் பாருங்கள்

கண்ணாடி மேசை மேல் முதலில் திரை கீழே இருக்கும்படி வைத்து, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஆடினால் ஃபிரேம் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. கேமரா மேடு இருப்பதால் மல்லாக்க வைத்தால் நிறைய போன்கள் ஆடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்து இருட்டறையில் டார்ச்சை ஓரத்தில் சாய்வாக அடித்து, பின்பக்க மூடியும் ஃபிரேமும் சேரும் கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். கோடு ஒரே அகலத்தில் போக வேண்டும். கேமரா பக்கத்து மூலையிலும் சார்ஜ் துளைக்கு மேலேயும்தான் அதிகமாகத் தூக்கியிருக்கும். சந்தேகமான இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டின் ஓரத்தை வைத்துப் பாருங்கள். தள்ளாமலேயே தாள் உள்ளே போனால், இங்கே உள்ள மூடுபனியும் அதே வழியாகப் போகும். கீழ்நாட்டில் இந்த இடைவெளியோடு இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம், இங்கே ஒரு மழைக்காலம் தாங்காது. இந்த ஒரு குறைக்காகவே போனைத் திருப்பிக் கொடுக்கலாம், தயங்காதீர்கள்.

முதுகை இரண்டு கட்டை விரலால் லேசாக அழுத்தினால் நறநறவென்று சத்தம் வரக் கூடாது. பட்டன்கள் அழுத்தியதும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும். சிம் ட்ரே ஃபிரேமோடு சமமாக உட்கார வேண்டும். அதில் ரப்பர் வளையம் இருந்தால் பிதுங்காமல் இருக்கிறதா பாருங்கள்.

போனை ஆட்டினால் கேமரா பக்கம் 'டொக்'கென்று சின்னச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸ் உள்ளே அசைவதுதான் அது. கேமராவைத் திறந்து வைத்து ஆட்டினால் அடங்கிவிடும். அப்படியும் அடங்காவிட்டால், அல்லது கீழ்ப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தால்தான் பிரச்சினை.

5. டிஸ்ப்ளேயும் டச்சும்

வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று முழுத்திரைப் படங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளியும் கறுப்பில் வெளிச்சப் புள்ளியும் தெரியும். அமோலெட் திரை என்றால் சாம்பல் நிறம்தான் முக்கியம். இரவில் லைட்டை அணைத்து, வெளிச்சத்தை மிகக் குறைவாக வைத்து அந்தச் சாம்பலைப் பாருங்கள். ஒரு பக்கம் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இழுத்தால் அது பேனல் குறை, அப்டேட்டில் சரியாகாது. பகலில் இது கண்ணுக்கே தெரியாது என்பதால் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்.

டச்சுக்கு, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் உள்ள பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' போட்டுவிட்டு, திரையின் மேலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் கோடு இழுங்கள், அப்புறம் குறுக்கே. கோடு எங்கேயாவது அறுந்தால் அங்கே டச் செத்திருக்கிறது. சாம்சங்கில் *#0*#, ஷியோமியில் *#*#6484#*#* என்று டயல் செய்தால் நிறுவனத்தின் சோதனைப் பட்டியலே திறக்கும்.

சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் திரை தானாக ஓடினால் அவசரப்பட்டு டிஸ்ப்ளேயைக் குறை சொல்லாதீர்கள். அதே போனை பவர் பேங்கில் போடுங்கள். அப்போது ஒழுங்காக இருந்தால் குறை சார்ஜரிலோ வீட்டு வயரிங்கிலோ இருக்கிறது. பழைய எஸ்டேட் வீடுகளில் இது சகஜம்.

6. சத்தம், மைக், சென்சார்

இதற்குக் கால் மணி நேரம் போதும். ஒரு சாதாரண போன் கால், ஒரு ஸ்பீக்கர் போன் கால், ஒரு வாய்ஸ் ரெக்கார்டிங், பின் கேமராவில் ஒரு வீடியோ. நான்கையும் தனித்தனியாகச் செய்யக் காரணம், போனில் ஒன்றுக்கு மேல் மைக் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு விழிக்கும். போன் பேசும்போது காதுப் பக்கம் கையால் மூடினால் திரை அணைய வேண்டும், எடுத்தால் எரிய வேண்டும். எல்லா கேமராவிலும் செய்தித்தாளைப் படம் பிடித்து நான்கு மூலையும் தெளிவாக இருக்கிறதா பாருங்கள்.

7. டவர் பிரச்சினையா, போன் பிரச்சினையா

நம் ஊரில் பாதிப் புகார் இதுதான், இதில்தான் தவறாக முடிவெடுக்கிறார்கள். ஒரே சிம்மை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பழைய போனிலும் புதியதிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். மேலே தெரியும் கட்டங்களை நம்ப வேண்டாம், ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு மாதிரி காட்டும். செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் டிபிஎம் என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். 4ஜியில் -85 நல்ல டவர், -115 மோசம். பழைய போன் -95 காட்டும் இடத்தில் புதியது தொடர்ந்து -110 காட்டினால் ஆன்டெனாவில் கோளாறு இருக்கலாம். இரண்டும் -112 என்றால் இடம்தான் அப்படி.

டவர் இல்லாத பள்ளத்தில் போன் முழு பலத்தில் டவரைத் தேடும், சூடாகும், சார்ஜ் இறங்கும். அதனால் பேட்டரி சோதனையை நல்ல டவர் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. பேட்டரியும் சூடும்

முதல் இரண்டு மூன்று நாள் போன் உள்ளுக்குள் நிறைய வேலை செய்துகொண்டிருக்கும், சார்ஜ் வேகமாக இறங்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் நாள் இரவு ஃபிளைட் மோடில் போட்டுத் தூங்குங்கள். காலையில் இரண்டு மூன்று சதவீதம் குறைந்திருந்தால் சரி. பத்து சதவீதம் போயிருந்தால் சேஃப் மோடில் இன்னொரு இரவு பாருங்கள். சேஃப் மோடில் நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது, அப்போதும் இறங்கினால் குறை போனுடையது.

சார்ஜ் போட்டுவிட்டு கேபிளை லேசாக மேலும் கீழும் அசையுங்கள். சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் துளை தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனைகளை நிறுவனத்தின் சார்ஜரிலேயே செய்யுங்கள்.

9. குளிரும் மூடுபனியும்

கீழ்நாட்டில் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, நமக்கு இதுதான் முக்கியம்.

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும், உள்தடை கூடும். கேமராவோ ஃபிளாஷோ திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். ஆனால் பல நிறுவனங்கள் 0 முதல் 35 டிகிரி வரை போன் வேலை செய்யும் என்று சொல்கின்றன. ஆக, ஊட்டியில் காலை 8 டிகிரியில் 25 சதவீதம் சார்ஜோடு புது போன் அணைந்தால் "குளிருக்கு அப்படித்தான்" என்று விடக் கூடாது, அது பேட்டரிக் குறை. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழும் விடியற்காலை என்றால் கணக்கு வேறு. அங்கே அணைந்தால் போனைக் குறை சொல்ல முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜும் போட வேண்டாம், பேட்டரிக்குள் லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும்.

வெளியே குளிரில் நின்றுவிட்டு, அடுப்பு எரியும் சமையலறைக்குள் வந்தால் கேமரா கண்ணாடி மங்கும். துணியால் துடைத்தால் போய்விட்டால் அது வெளிப்பக்க ஈரம். துடைத்தும் போகாமல் உள்ளே திட்டாக நின்றால் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிஷத்தில் தானாக மறைந்தால் விட்டுவிடலாம். அரை மணி நேரம் நின்றாலோ, ஒரே லென்ஸில் திரும்பத் திரும்ப வந்தாலோ சீல் சரியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கான ஐபி68 குறியீடு போட்டிருக்கிறதே என்று மழையில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஆய்வகத்தில் நன்னீரில் பார்த்த அளவு அது, தண்ணீரால் வந்த பழுதுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. போனுக்குள், பல மாடல்களில் சிம் துளைக்குள், ஈரம் பட்டால் சிவக்கும் வெள்ளைத் துணுக்கு இருக்கும். சிவந்திருந்தால் சர்வீஸ் சென்டர் அங்கேயே கையை விரித்துவிடும். சிம் ட்ரேயைக் கழற்றி, டார்ச் அடித்து, அது வெள்ளையாக இருப்பதை முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள்.

சார்ஜ் துளையில் ஈரம் என்று போன் எச்சரித்தால் துளை கீழே பார்க்க நிறுத்தி, காற்றாட விடுங்கள். அரிசிக்குள் போட்டால் தூசிதான் உள்ளே போகும். ரூம் ஹீட்டர், விறகு அடுப்பு பக்கத்தில் வைத்தால் மூடியை ஒட்டியிருக்கும் பசை இளகி, நல்ல சீலும் போய்விடும்.

10. ஆதாரம் சேர்ப்பது

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் போன் தினமும் காலையில் தானாக அணையும். கோவைக்குக் கொண்டுபோனார். கவுன்ட்டரில் இருந்த தம்பி பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "அக்கா, நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. குளிரில் வரும் பழுது அந்த வெயிலில் வரவே வராது. "கோளாறு இல்லை" என்று எழுதிவிட்டால் உங்கள் ஒரு நாளும் போச்சு, ரிட்டர்ன் நாளும் போச்சு.

அதனால் மலையிலேயே ஆதாரத்தை முடியுங்கள். இன்னொரு போனில் வீடியோ எடுக்கும்போது முதலில் *#06# திரை தெரியட்டும், அது இந்த போன்தான் என்பதற்கு. பக்கத்தில் ஒரு வெப்பமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வீடியோ எடுக்கும் போனில் அன்றைய வானிலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு சார்ஜ் சதவீதம், பிறகு பழுது நடப்பது. இதே வீடியோவை வேறு வேறு நாளில் மூன்று எடுங்கள், ஒன்று சேஃப் மோடில் இருக்கட்டும். ஒரு வீடியோவை "எப்போதாவது நடக்கும்" என்று தள்ளலாம், மூன்றைத் தள்ளுவது கஷ்டம்.

இதை முடித்ததும் மலை இறங்கும் முன்பே நிறுவனத்துக்கும் விற்றவருக்கும் ஆப்பிலோ மெயிலிலோ எழுத்தில் புகார் போடுங்கள். போனில் பேசினால் தேதிக்குச் சாட்சி இல்லை. ரோடு அடைபட்டு ஏழு நாளுக்குள் போக முடியாவிட்டாலும் நீங்கள் நாளுக்குள் சொல்லிவிட்டதற்கு அந்த மெயில் நிற்கும்.

11. சர்வீஸ் சென்டரில்

போகும் முன் பேக்கப், சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். கணக்கு பூட்டியிருந்தால் வேலையைத் தொட மாட்டார்கள், இன்னொரு தடவை மலை இறங்க வேண்டிவரும். பில், டப்பா, சார்ஜர் எல்லாம் கையில் இருக்கட்டும். முடிந்தால் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டுப் போங்கள்.

கவுன்ட்டரில் கொடுக்கும் முன் அவர்கள் எதிரிலேயே போனைச் சுற்றி போட்டோ எடுங்கள். ஜாப் ஷீட்டில், அதாவது போனை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் தரும் தாளில், என்ன எழுதுகிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் கையெழுத்து. "பவர் பிரச்சினை" என்று மொட்டையாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "10 டிகிரிக்குக் கீழே, 30 சதவீத சார்ஜில், கேமரா திறந்தால் அணைகிறது, வீடியோ காட்டப்பட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். உடல் சேதம் என்ற இடத்தில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள், இல்லாத கீறலுக்கு டிக் இருந்தால் அங்கேயே அதை அடித்து நீக்கச் சொல்லுங்கள். வேலை முடியவில்லை என்றாலும் ஜாப் ஷீட் இல்லாமல் வெளியே வர வேண்டாம்.

ரிட்டர்ன் நாளுக்குள் இருக்கிறீர்கள் என்றால் ரிப்பேருக்குச் சம்மதிக்காதீர்கள். வந்தபோதே பழுது என்ற சான்றைக் கேளுங்கள். ஒரு தடவை திறந்துவிட்டால், அது புது போன் இல்லை, ரிப்பேர் ஆன போன் என்று கணக்காகிவிடும்.

12. அப்படியும் மசியவில்லை என்றால்

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, ஆனால் நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசுவார்கள், பல விஷயம் இங்கேயே முடிந்துவிடும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் ஊட்டியில் போட்டால் போதும். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பழுது வந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பில், ஐஎம்இஐ போட்டோ, வீடியோக்கள், மெயில், ஜாப் ஷீட், 1915 புகார் எண் என்று தேதி வரிசையில் இணையுங்கள். தயாரித்தவர், விற்றவர் இருவரையும் எதிர்த்தரப்பாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்.

மாற்று போன் கிடைத்தால் புது ஐஎம்இஐயைப் பில்லிலோ ஜாப் ஷீட்டிலோ எழுதி வாங்கிக்கொண்டு, 2-ம் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். அதுவும் புது போன்தான், அதற்கும் அதே சோதனைதான்.